கணினிவழி வருமானவரிக் கணிப்பும் அதன்கண் நேரும் இடர்ப்பாடுகளும்

சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிலே ‘புரவுவரித் திணைக்களம்’ என்னும் பெயர் பயின்று வருகின்றது. நிலவரிக் கணக்கை ஆண்ட அத்திணைக்களத்தில் வரிப்பொத்தகத்தைப் பேணுவோர் ஒரு சாராரும், அப்பொத்தகத்திலே வரியைப் பதிவோர் மற்றொரு சாராருமாக அலுவலர் பலர் இருந்தனர். பின்னவர்க்கு ‘வரியிலிடு’ என்பது பெயர். எழுதுவார் ஒருவர், காப்பார் மற்றொருவர் எனப் பணி பிரிந்திருந்தமையால் ஒருவர் பிழையை மற்றவர் கண்டு திருத்தல் கூடுமாயிற்று. இன்றோ, திணைக்களம் என்னும் சொல் இலங்கையில் நிலைத்திருப்பினும், பதியும் பணி குடிமகனிடமே வந்து சேர்ந்துவிட்டது. வரி செலுத்துபவனே தன் வருமானத்தைக் கூட்டுகின்றான். கழிக்க வேண்டியவற்றைக் கழிக்கின்றான். கணினித் திரையிலே தோன்றும் கட்டங்களை நிரப்பி அனுப்புகின்றான். பண்டைய வரியிலிடுவின் பொறுப்பு இவ்வாறு அப்பணியிற் பயிற்சி பெறாத ஒருவனுக்கு உரியதாகியமையே, கணினிவழி வரிக் கணிப்பில் நேரும் இடர்ப்பாடுகளுக்கெல்லாம் மூலமாகும்.

இலங்கையில் வருமான வரி 1932 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வருமானவரிக் கட்டளைச் சட்டத்தாற் புகுத்தப்பட்டது. அதன்பின் சட்டங்கள் பல தோன்றி மறைந்தன. இப்பொழுது நடைமுறையிலுள்ளது 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களுமாகும். இச்சட்டத்தின்படி மதிப்பாண்டு என்பது ஏப்பிரல் 1 ஆந் திகதி தொடங்கி மறு ஆண்டு மார்ச் 31 ஆந் திகதி முடிவது. அவ்வாண்டுக்குரிய விபரத்திரட்டை அடுத்துவரும் நவம்பர் 30 ஆந் திகதிக்கு முன் சமர்ப்பித்தல் வேண்டும். எஞ்சிய வரியைச் செலுத்தி முடிப்பதற்கு உரிய நாளோ அதற்கும் முந்தியது. அது செப்ரெம்பர் 30 ஆந் திகதியாகும். விபரத்திரட்டுக்கு நவம்பர் வரை காலம் உண்டெனக் கருதி வரியையும் அதுவரை பிற்போடுவோர், இவ்விரு திகதிகளின் வேறுபாட்டை அறியாமையாலேயே வட்டிக்கு ஆளாகின்றனர்.

இவ்விடயம் செல்வர் சிலருக்கே உரியதென ஒருகாலத்திற் கருதப்பட்டது. 2023 ஆம் ஆண்டு சனவரி மாதம் முதல் அந்நிலை மாறியது. அதுவரை ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாவாக இருந்த வரிவிலக்கெல்லை 12 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. வேதனத்திலிருந்து முற்பண வரியைக் கழித்தலும் கட்டாயமாக்கப்பட்டது. ஆசிரியர், தாதியர், எழுதுவினைஞர் எனப் பலர் முதன்முறையாக இச்சட்டத்தின் எல்லைக்குட் புகுந்தனர். 2025 ஏப்பிரல் 1 முதல் அவ்வெல்லை 18 இலட்சமாக உயர்ந்தது. அதற்கு மேற்பட்ட முதற் பத்து இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த மூன்று ஐந்து இலட்சங்களுக்கு முறையே 18, 24, 30 வீதம், எஞ்சியதற்கு 36 வீதம் என்பது இப்போதைய ஒழுங்கு. அதே நாளிலிருந்து வங்கி வட்டியிற் பிடித்துவைக்கும் வரியும் 5 வீதத்திலிருந்து 10 வீதமாயிற்று.

இனி, கணினியானது வரி விடயத்தில் யாது செய்யும், யாது செய்யாது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். அது மூன்று காரியங்களைச் செய்யும். கட்டத்தில் இடப்பட்டது எண்ணா எழுத்தா, திகதியா தொகையா என உருவத்தை நோக்கும். கூட்டல், கழித்தல், வீதக் கணக்கு ஆகியவற்றைப் பிழையின்றிச் செய்யும். தன்னிடம் முன்னரே உள்ள பதிவுகளோடு புதிதாக வந்தது பொருந்துகின்றதா என ஒப்பு நோக்கும். இம்மூன்றனுக்கும் அப்பால் அது செல்லாது. இட்ட தொகை உண்மையானதா, உரிய கட்டத்திலே இடப்பட்டதா என்பன அதற்குத் தெரியா. பிழையான தொகையையும் அது சரியாகவே கூட்டும். ஆதலால், ‘கணினியே கணித்தது, பிழை இராது’ என்னும் கூற்று பாதியளவே உண்மையுடையது.

இதன் மறுதலையும் அறியத்தக்கது. கணினி ஒரு விபரத்திரட்டை ஏற்க மறுத்தல் குற்றச்சாட்டு ஆகாது. ஐக்கிய அமெரிக்காவில் 1986 ஆம் ஆண்டு மூன்று நகர்ப் பகுதிகளில் மட்டும் பரீட்சார்த்தமாக மின்வழி விபரத்திரட்டு முறை தொடங்கப்பட்டது. இன்று அந்நாட்டில் மென்பொருள் மூலம் அனுப்பப்படும் விபரத்திரட்டுக்கள் திருப்பப்படுவதற்குரிய பொதுவான காரணங்கள் மிக எளியவை. அனுப்புபவர் தம்மை உறுதிப்படுத்துவதற்காகத் தரும் சென்ற ஆண்டு வருமானத் தொகை பதிவோடு பொருந்தாமை ஒன்று. பிரிந்து வாழும் பெற்றோர் இருவரும் ஒரே பிள்ளையைத் தம்மைச் சார்ந்தவரெனக் காட்டியமை மற்றொன்று. இவை ஒப்பு நோக்கலில் எழும் முரண்பாடுகளேயன்றி நேர்மை பற்றிய தீர்ப்புக்களல்ல. திரையிலே செந்நிற எழுத்துத் தோன்றியவுடன் அஞ்சி ஒதுங்குதலும், முரண்பாடு நீங்கும்வரை மனம்போனபடி தொகைகளை மாற்றி மாற்றி இடுதலும் ஆகிய இரண்டும் தவறு. எப்பதிவோடு எது பொருந்தவில்லை என வினவுதலே முறையாகும்.

இடர்ப்பாடுகளுள் முதலாவது அடையாளம் பற்றியது. வரி செலுத்துநர் ஒவ்வொருவருக்கும் அடையாள இலக்கம் ஒன்று உண்டு. வேலைகொள்வோரும் வங்கியும் தாம் கழித்த வரியை அவ்விலக்கத்தின் கீழேயே திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். அவ்விலக்கம் வங்கிக்குக் கொடுக்கப்படாதிருப்பின், அல்லது ஓரிலக்கம் பிறழ்ந்திருப்பின், கழித்த வரி உரியவரது கணக்கிற் சேராது நிற்கும். தேசிய அடையாள அட்டையிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய அட்டை ஒன்பது இலக்கமும் ஈற்றில் ஓர் எழுத்தும் உடையது. 2016 முதல் வழங்கப்படுவது பன்னிரண்டு இலக்கமுடையது. பழையதன் முன் 19 சேர்ந்து, இடையில் ஒரு சுழியம் புகுந்து, ஈற்றெழுத்து நீங்கப் புதியது தோன்றும். ஒருவரே ஓரிடத்திற் பழைய இலக்கத்தையும் பிறிதோரிடத்திற் புதிய இலக்கத்தையும் கொடுத்திருப்பின், மனிதன் ஒருவனென அறிவான். பொறி இருவரெனக் கொள்ளவும் கூடும்.

பெயரைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். தமிழர் பெயர்கள் தந்தை பெயரை முதலெழுத்தாகவும் சில வேளை முழுமையாகவும் கொண்டு வழங்குவன. ஆங்கில எழுத்திற் பெயர்க்குங்கால் சுப்பிரமணியம் என்னும் ஒரு பெயரே நான்கைந்து வகையாக எழுதப்படுகின்றது. பிறப்புச் சான்றிதழில் ஒருவகை, வங்கியில் ஒருவகை, வேதனப் பட்டியலில் ஒருவகை என அமைதல் பெருவழக்கு. ஆகவே விபரத்திரட்டைத் தொடங்குமுன், தம் பெயரும் இலக்கமும் ஒவ்வோரிடத்திலும் எவ்வாறு பதியப்பட்டுள்ளன என்பதை ஒரு தாளில் எழுதி ஒப்பு நோக்குதல் நன்று. பிழை வங்கியிலிருப்பின் வங்கியிலே திருத்துவிக்க வேண்டும். விபரத்திரட்டை அப்பிழைக்கு இணங்க வளைத்தல் கூடாது.

இரண்டாவது இடர்ப்பாடு ஆண்டு பற்றியது. நாட்காட்டி ஆண்டும் மதிப்பாண்டும் வேறாதலின், 2025 சனவரி முதல் திசெம்பர் வரை பெற்ற வேதனத்தைக் கூட்டி இடுவோர் உளர். இது பிழையென்பது எளிதிற் புலப்படும். நுட்பமான பிழை திகதி எழுதும் முறையில் ஒளிந்துள்ளது. நாள், மாதம், ஆண்டு என எழுதுவது இந்நாட்டு வழக்கு. மாதம், நாள், ஆண்டு என எழுதுவது அமெரிக்க வழக்கு. கணினிகள் பல அமெரிக்க ஒழுங்கிலேயே அமைக்கப்பட்டு வருகின்றன. 2025 ஏப்பிரல் 3 ஆந் திகதி வரவு வைக்கப்பட்ட வட்டியை 03/04/2025 என இட்டால், அவ்வாறமைந்த கணினி அதனை மார்ச் 4 ஆந் திகதியெனக் கொள்ளும். வட்டி முழுவதும் ஓராண்டிலிருந்து முந்திய ஆண்டுக்குப் பெயர்ந்துவிடும். அவ்விரு மதிப்பாண்டுகளுக்கும் வரிவிலக்கெல்லை வேறு, வீதங்கள் வேறு, பிடித்துவைத்த வரியின் அளவும் வேறு. திகதியில் இரண்டு எண்கள் இடம் மாறியதனால் மூன்று கணக்குகள் பிழைக்கின்றன. மாதத்தை எழுத்தால் எழுதிப் பார்த்து உறுதி செய்தலே இதற்குத் தக்க காப்பு.

மூன்றாவதும் மிகப் பரந்ததுமான இடர்ப்பாடு, மொத்தத் தொகைக்கும் தேறிய தொகைக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமையால் விளைவது. ஓர் உதாரணத்தால் இதனை விளக்குதல் தகும். பட்டதாரி ஆசிரியர் ஒருவர் மாதம் 120,000 ரூபா வேதனம் பெறுகின்றார் எனக் கொள்வோம். ஆண்டு வேதனம் 1,440,000 ரூபா. மாதம் 150,000 ரூபாவுக்கு மேற்படாமையால் வேதனத்தில் முற்பண வரி கழிக்கப்படவில்லை. அவருக்கு நிலையான வைப்புக்களிலிருந்து ஆண்டுக்கு 600,000 ரூபா வட்டியுண்டு. வங்கி அதில் 10 வீதமாகிய 60,000 ரூபாவைப் பிடித்துவைத்து 540,000 ரூபாவையே அவர் கணக்கில் இடுகின்றது. சேமிப்புப் புத்தகத்தில் அவர் காண்பது 540,000 என்னும் தொகையையே.

அவர் அத்தொகையையே வட்டிக்குரிய கட்டத்தில் இட்டு, பிடித்துவைத்த வரிக்குரிய கட்டத்தை வெறிதே விட்டால் விளைவு என்ன? மொத்த வருமானம் 1,980,000, விலக்கு 1,800,000, எஞ்சியது 180,000, அதற்கு 6 வீதப்படி 10,800 ரூபா வரி செலுத்துமாறு கணினி காட்டும். உண்மைக் கணக்கு இதற்கு மாறானது. மொத்த வட்டி 600,000 ஆதலால் வருமானம் 2,040,000, வரிக்குரியது 240,000, வரி 14,400. முன்னரே பிடித்துவைக்கப்பட்டது 60,000. ஆகவே அவர் செலுத்த வேண்டியது யாதுமில்லை. 45,600 ரூபா அவர்க்கு மீளளிக்கப்பட வேண்டும். பெறவேண்டிய 45,600 ரூபாவை இழந்து, செலுத்த வேண்டாத 10,800 ரூபாவையும் செலுத்துவாராயின், இழப்பு 56,400 ரூபாவாகும். கணினி எவ்வெச்சரிக்கையும் செய்யாதிருத்தல் கூடும். ஏனெனில் இடப்பட்ட எண்களுக்குள் முரண்பாடு ஒன்றுமில்லை. பிழையுள்ள விபரத்திரட்டு என்றால் வரியை ஒளித்தது என்றே பலர் எண்ணுவர். நேர்மையானவர் தமக்கே இழைத்துக்கொள்ளும் அநீதியும் அதனுள் அடங்கும் என்பதை இவ்வுதாரணம் காட்டுகின்றது.

இதற்குப் பரிகாரம் எளியது. சேமிப்புப் புத்தகத்தை நோக்காது, வங்கி தரும் வரிச் சான்றிதழை நோக்குதல் வேண்டும். அதில் மொத்த வட்டியும் பிடித்துவைத்த வரியும் தனித்தனியே காணப்படும். சரிபார்ப்பதற்கு ஒரு சூத்திரமும் உண்டு. 10 வீதம் பிடிக்கப்பட்ட இடத்துத் தேறிய வட்டியை 9 ஆல் வகுத்து 10 ஆற் பெருக்க மொத்த வட்டி வரும். 540,000 ஐ அவ்வாறு செய்ய 600,000 வருதல் காண்க. வேதனத்துக்கும் இதுவே நியதி: வேலைகொள்வோர் தரும் ரி.10 சான்றிதழிலுள்ள மொத்தத் தொகையும் கழித்த வரியுமே விபரத்திரட்டுக்குரியன. மாத முடிவிற் கைக்கு வந்த தொகையன்று.

நான்காவது இடர்ப்பாடு உண்மையிற் பிழையன்று, பிழையெனத் தோன்றுவது. ‘வேதனத்திலும் கழித்தார்கள், வட்டியிலும் பிடித்தார்கள், கணினி மீண்டும் பணம் கேட்கின்றது’ என முறையிடுவோர் பலர். மாதம் 200,000 ரூபா பெறும் அலுவலர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வேதனம் 2,400,000. விலக்குப் போக 600,000. அதற்கு 6 வீதப்படி 36,000 ரூபா மாதந்தோறும் 3,000 ஆகக் கழிக்கப்பட்டுள்ளது. அவருக்கு 900,000 ரூபா வட்டியுண்டு. அதில் 90,000 பிடிக்கப்பட்டுள்ளது. இரண்டையும் சேர்க்க வருமானம் 3,300,000, வரிக்குரியது 1,500,000. முதற் பத்து இலட்சத்துக்கு 60,000, அடுத்த ஐந்து இலட்சத்துக்கு 18 வீதப்படி 90,000, ஆக 150,000 ரூபா. ஏற்கெனவே செலுத்தியது 126,000. எஞ்சியது 24,000.

இவ்வெச்சம் எங்ஙனம் வந்தது? வேலைகொள்வோர் வட்டியை அறியார். வங்கி வேதனத்தை அறியாது. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த பகுதிக்கே கழித்தனர். 900,000 ரூபா வட்டியில் 400,000 வரை 6 வீதத்துள் அடங்கியது. மீதி 500,000 ரூபா 18 வீதப் படிக்கு ஏறிவிட்டது. ஆகவே வட்டிக்குரிய உண்மை வரி 24,000 உம் 90,000 உம் சேர்ந்த 114,000 ரூபா. வங்கி பிடித்ததோ 90,000. அவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசமே 24,000. எல்லா வருமானமும் ஒருங்கு கூடும் இடம் விபரத்திரட்டு ஒன்றேயாதலின், படிமுறை வரியின் முழு உருவமும் அங்கேதான் வெளிப்படும். இதனை உணராதவர் கணினியில் வழு உளதென எண்ணி வட்டியை நீக்கி அனுப்ப முற்படுவர். அறியாமை அங்கே குற்றமாக மாறிவிடுகின்றது.

ஐந்தாவது, வரிக்கு உட்படாத வருமானத்தை உட்பட்டதெனக் காட்டுதல். இலங்கை அரசாங்க ஓய்வூதியம் வருமான வரியினின்றும் விலக்களிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற ஒருவர் ஆண்டுக்கு 960,000 ரூபா ஓய்வூதியமும் 1,100,000 ரூபா வட்டியும் பெறுகின்றாரெனில், வரிக் கணக்கில் எடுக்கத்தக்கது வட்டி மாத்திரமே. அது 18 இலட்சத்துக்குக் குறைவாதலின் வரியில்லை. வங்கி பிடித்த 110,000 ரூபா முழுவதும் அவர்க்கு மீளவேண்டியது. ஓய்வூதியத்தையும் வேதனக் கட்டத்தில் இடுவாராயின் வருமானம் 2,060,000 எனக் காட்டி, 260,000 ரூபாவுக்கு 15,600 ரூபா வரி விதிக்கும் கணினி. மீளளிப்பும் 94,400 ஆகக் குறையும். விலக்களிக்கப்பட்ட வருமானத்தை அதற்குரிய இடத்திலேயே காட்டுதல் வேண்டும். மேலும், மதிப்பிடத்தக்க ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர் அதனை வங்கிக்கு உரிய வெளிப்படுத்துகைப் படிவத்தால் அறிவித்து, வரி பிடிக்கப்படுவதையே தவிர்த்துக்கொள்ளலாம். இதனை அறியாது ஆண்டுதோறும் பணத்தை விட்டுவிடும் முதியோர் பலர்.

ஆறாவது, வீட்டிலே விரிதாள் மென்பொருளிற் கணக்கைத் தயாரிப்போர்க்கு நேர்வது. சென்ற ஆண்டுத் தாளைப் படியெடுத்து அதிலே புதிய தொகைகளை இடுதல் பலர் வழக்கம். தொகை புதியதாயினும் சூத்திரம் பழையதாகவே நிற்கும். மேலே கூறிய அலுவலரின் 3,300,000 ரூபாவை 2024/2025 ஆம் மதிப்பாண்டின் சூத்திரத்தில் இட்டால், விலக்கு 12 இலட்சமாகவும், ஐந்தைந்து இலட்சங்களுக்கு 6, 12, 18, 24, 30 என்னும் வீதங்களாகவும் கணித்து, வரி 330,000 ரூபா எனக் காட்டும். உண்மை வரி 150,000. ஆதலால் விலக்கெல்லையையும் வீதங்களையும் சூத்திரத்துள் மறைத்து வையாது, தாளின் தலைப்பிலே தனிக் கலங்களில் மதிப்பாண்டின் பெயரோடு எழுதி வைத்தல் வேண்டும்.

விரிதாளில் வேறொரு மறைவான பிழையும் உண்டு. பிறிதோரிடத்திலிருந்து படியெடுத்த தொகை, கண்ணுக்கு எண்ணாகத் தோன்றினும், கணினியால் எழுத்தாகக் கொள்ளப்படலாம். ஒரு நிரலைக் கூட்டும் சூத்திரம் எழுத்தைக் கணியாது விட்டுவிடும். 250,000, 300,000, 50,000 என்னும் மூன்றனுள் நடுவிலுள்ளது எழுத்தாயின், கூட்டுத்தொகை 600,000 ஆகாது 300,000 ஆகவே வரும். எண்கள் கலத்தின் வலப்புறமும் எழுத்துக்கள் இடப்புறமும் ஒதுங்கி நிற்றல் மென்பொருளின் இயல்பாதலின், இடப்புறம் ஒதுங்கிய தொகை எதுவாயினும் ஐயுறத்தக்கது. அட்டவணையைக் காற்புள்ளியாற் பிரிக்கப்பட்ட கோப்பாக மாற்றுங்கால், தொகைகளுக்கு இடையிலுள்ள காற்புள்ளியும் பிரிப்புக் குறியாகக் கொள்ளப்பட்டு, ஒரு தொகை இரண்டாகப் பிளவுபடுதலும் நேரலாம். பன்னிரண்டு இலக்க அடையாள எண்ணை மென்பொருள் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்ட, அவ்வுருவிலேயே சேமிக்கப்படின் ஈற்றிலக்கங்கள் அழிந்துபோம். அடையாள எண்ணுக்குரிய நிரலை எழுத்து நிரலென முன்னரே வகுத்தலும், தொகைகளைக் காற்புள்ளியின்றி இடுதலும் இவற்றைத் தடுக்கும்.

இறுதியாக, அனுப்புதல் பற்றிய இடர்ப்பாடு. வரைவாகச் சேமித்தல் வேறு, சமர்ப்பித்தல் வேறு. சேமித்தவுடன் பணி முடிந்ததெனக் கருதித் திரையை மூடுவோர் உளர். ஏற்றுக்கொண்டமைக்கான அறிவிப்பும் அதன் இலக்கமும் கிடைக்கும்வரை விபரத்திரட்டு சமர்ப்பிக்கப்பட்டதாகாது. நெடுநேரம் திரையை வாளாவிருக்க விட்டால் தொடர்பு தானே துண்டிக்கப்பட்டு, சேமிக்காதவை அழியும். நவம்பர் இறுதி நாட்களிற் பலரும் ஒருங்கே புகுவதால் முறைமை தாமதிக்கும். கடவுச்சொல்லைப் பிறரிடம் ஒப்படைத்தலும் நன்றன்று; பிறர் நிரப்பினும் விபரத்திரட்டுக்குப் பொறுப்பாளி அதற்குரியவரேயாவார்.

இவ்விடர்ப்பாடுகளை ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை புலப்படும். இவற்றுட் பெரும்பாலானவை கணினிக்குள் நிகழ்வனவல்ல. தாளிலிருந்து திரைக்குத் தொகை பெயரும் வேளையில் நிகழ்வன. ஆதலாற் பரிகாரமும் கணினியைத் திறக்குமுன்னரே தொடங்குதல் வேண்டும். முதலிற் சான்றிதழ்களையெல்லாம் திரட்டுக. அடுத்து அவற்றை மதிப்பாண்டின்படி பிரிக்க. ஒவ்வொன்றிலும் மொத்தம், கழித்த வரி என்னும் இரண்டையும் ஒரு தாளில் நிரல்படுத்துக. வரியைக் கையாலே ஒருமுறை கணிக்க. அதன் பின்னரே கணினியில் இடுக. தாளின் விடையும் திரையின் விடையும் ஒத்திருப்பின் அனுப்புக. ஒவ்வாவிடின் வித்தியாசத் தொகையை நோக்குக. அத்தொகையே பிழை இருக்குமிடத்தைப் பெரும்பாலும் சுட்டிக்காட்டும். 60,000 ரூபா வித்தியாசப்பட்டால், பிடித்துவைத்த வரியாகிய 60,000 விடுபட்டதோ என ஆராய்தல் இயல்பன்றோ? அனுப்பிய பின் விபரத்திரட்டின் படியையும் ஏற்பு அறிவிப்பையும் சான்றிதழ்களோடு சேர்த்துப் பேணுக.

வீதக் கணக்கையும் படிமுறைக் கணக்கையும் மாணவர்கள் வகுப்பிலே கற்கின்றனர். அக்கல்வி பரீட்சைத் தாளோடு முடிந்துவிடாது, தம் பெற்றோரின் சான்றிதழ்களை ஒழுங்குபடுத்தி உண்மைக் கணக்கை எழுதிக்கொடுக்கும் அளவுக்கு வளருமாயின், பல இல்லங்களுக்கு அது பயன் தரும். பண்டைய திணைக்களத்திலே பதிவோர் ஒருவரும் பேணுவோர் மற்றொருவருமாக இருந்தமையாற் கிடைத்த காப்பை, இன்று ஒருவனே தாளில் ஒருமுறையும் திரையில் ஒருமுறையும் கணித்துத் தனக்குத் தானே அமைத்துக்கொள்ள வேண்டியவனாகின்றான். பொறி விரைவைத் தரும். செம்மையை மனிதனே தருதல் வேண்டும். அச்செம்மையால் அரசுக்குரியது அரசுக்கும் குடிமகனுக்குரியது குடிமகனுக்கும் குறைவின்றிச் சேரும்.